பொறியாளரின் தகப்பனாக முடியாமல் போன கதை

என்னைப் பற்றி நானே பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. வேறு யாரும் சொல்லாதபோது நான் என்ன செய்ய? எட்டாம் வகுப்பை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவன் நான். வளைகுடாவில் மண் அள்ளும் வண்டி ஓட்டினேன். திரும்பி வந்து, நன்னிலம் பக்கத்தில் எங்கள் ஊருக்கு முதன்முதலாகக் கதிர் அறுக்கும் செயின் மெஷினைக் கொண்டுவந்து இறக்கினேன். இன்று வாசலில் மெஷின்கள் வரிசையாக நிற்கின்றன. சம்பா அறுப்புக் காலத்தில் என் செல்பேசி எண்ணை அறியாத விவசாயி இந்தப் பக்கம் இல்லை. ஊரில் என் பெயரே போய்விட்டது, எல்லோருக்கும் மெஷின்காரர்தான்.

இப்படிப்பட்டவனைப் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிடாமல் இருப்பார்களா? கூப்பிட்டார்கள். அந்த வருடம் மேடைப் பந்தலுக்கு நான்தான் உபயம் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்து என்ன படிப்பது என்று தெரியாமல் முழிக்கிறார்கள், நீங்கள் இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்றார் தலைமை ஆசிரியர். இரண்டு வார்த்தையோடு நிறுத்துகிற பழக்கம் எனக்கு இல்லை. மைக்கைப் பிடித்தவன், தட்டில் இருந்த வெற்றிலை காயும்வரை விடவில்லை. காகிதம் சோறு போடாது, கை சோறு போடும். ஊருக்குப் பத்து இன்ஜினியர் இருக்கிறான், பம்புசெட் ரிப்பேர் என்றால் ஒருத்தன் வருவதில்லை. கௌரவம் பார்க்காதீர்கள், ஐ.டி.ஐ.யில் சேருங்கள், தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள். என்னைப் பாருங்கள் என்று சொல்லி ஒரு முறை பக்கவாட்டில் திரும்பியும் காட்டினேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

என் மகளும் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு. அவள் கைதட்டவில்லை, உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

பரீட்சை முடிவு வந்தது. நல்ல மார்க். நான் ஒரு நிமிடத்தை வீணாக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போனேன், டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் வாங்கினேன், வண்டியை நேராகத் தஞ்சாவூர் பக்கம் இருக்கும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரிக்கு விட்டேன். ஒரிஜினலும் முன்பணமும் கொடுத்தால்தான் சீட்டைப் பிடித்து வைக்க முடியும் என்றார்கள், கொடுத்துவிட்டேன். பெண்ணின் கையெழுத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள், சரி என்றேன். ஒரு மா நிலமாக இருந்தால்கூடப் பட்டாவின் ஜெராக்ஸைத்தான் நீட்டுவேன். ஒரிஜினலைக் கேட்டால் கேட்டவனை ஏற இறங்கப் பார்ப்பேன். அப்பேர்ப்பட்டவன், பெற்ற பெண்ணின் படிப்பு முழுவதையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, அவர்கள் தந்த ரோஸ் மில்க்கைக் குடித்துவிட்டு வந்தேன்.

வரும் வழியிலேயே பிளெக்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது. எங்கள் பக்கம் காது குத்துக்குப் பிளெக்ஸ் உண்டு, கிரகப்பிரவேசத்துக்கு உண்டு, கருமாதிக்கும் உண்டு. பொறியாளருக்கு இல்லாமலா? மறுநாள் விடிந்தபோது பஸ் நிறுத்தத்தில் கட்டியிருந்தார்கள். 'வருங்காலப் பொறியாளரே வருக!' அதில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, செல்பேசியைக் காதில் வைத்தபடி, பின்னால் இரண்டு மெஷின்கள் அணிவகுக்க நான் நடந்து வந்துகொண்டிருந்தேன். என் மகள் மேல் மூலையில் ஒரு வட்டத்துக்குள், ரேஷன் அட்டைப் படத்தின் அளவில் இருந்தாள். பஸ்ஸில் போகிறவர்கள் நான்தான் கல்லூரியில் சேரப்போவதாக நினைத்திருப்பார்கள்.

அன்று காலை பலகாரம் சாப்பிடும்போது என் மகள் வாயைத் திறந்தாள்.

"அப்பா, நான் இன்ஜினியரிங் போகல. ஐ.டி.ஐ. போறேன். டீசல் மெக்கானிக்."

கையில் எடுத்த இட்லியைத் தட்டில் போட்டேன். "எவன் சொல்லிக் குடுத்தான் ஒனக்கு?"

"நீங்கதான். ஸ்கூல்ல."

"அது ஊர்ப் புள்ளைங்களுக்குச் சொன்னதும்மா."

அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்டாள். "அப்ப நம்ம புள்ள எந்த ஊருங்க?"

கையைக் கழுவிக்கொண்டு, மெஷின் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

போன இடத்திலும் நிம்மதி இல்லை. கோடை நெல் அறுப்பு. கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டு வர, கடைமடை வயல் ஒன்றின் நடுவில் மெஷின் படுத்துவிட்டது. இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மெஷினை ஓட்டத் தெரியும், வாங்கத் தெரியும், வாடகை பேசத் தெரியும். அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஆனால் முதலாளி தெரியாது என்று சொன்னால் டிரைவர் மதிக்க மாட்டான். அதனால் இன்ஜின் பக்கத்தில் போய் நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டு, 'பம்புதான்' என்று சொல்வது என் வழக்கம். சில சமயம் பம்பாகவும் இருந்திருக்கிறது.

ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து சீசனுக்கு வந்து தங்கியிருக்கும் மெக்கானிக் வர வேண்டும். அறுப்புக் காலத்தில் அவர் வருவது மாப்பிள்ளை மறுவீட்டுக்கு வருவது போல. பிரியாணி அவருக்குப் பிடித்த கடையில்தான் வாங்க வேண்டும். கோபித்துக்கொண்டால் வேறு ஊருக்குப் போய்விடுவார். வந்தார். சாப்பாட்டுத் தூக்கோடு என் மகளும் வயலுக்கு வந்திருந்தாள். அவர் வேலையைத் தொடங்குமுன் ஒரு தார்ப்பாயை எடுத்து மெஷின் மேல் கட்டிக்கொண்டார். மழைக்கு என்று சொன்னார். மழை இன்னும் வரவில்லை. உள்ளே என்ன செய்கிறார் என்று யாரும் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான். டிரைவரை டீ வாங்க அனுப்பினார். என்னை எதற்கோ கம்பி தேட அனுப்பினார். நானும் நல்ல பிள்ளையாகப் போனேன். திரும்பி வந்தபோது என் மகள் தார்ப்பாயின் ஓரத்தில் குனிந்து நின்றுகொண்டு, அது என்ன அண்ணே என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு எதுக்குப் பாப்பா அதெல்லாம்? தள்ளி நில்லு, எண்ணெய் பட்டுரும்" என்றார் அவர்.

தள்ளி நின்றாள். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். என் பணத்தில் வாங்கிய மெஷினை, என் பெண் பார்க்கக் கூடாது என்கிறாரே என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. மேகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெஷின் கிளம்பியது, பாதி வயலை அறுத்ததும் மழையும் வந்தது. கொள்முதல் நிலையத்தில் ஏற்கெனவே குவிந்து கிடந்த நெல்லை மூடத் தார்ப்பாய் பற்றவில்லை. பையன்கள் ஓடிப்போய் பஸ் நிறுத்தத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் அவிழ்த்துக்கொண்டு வந்து மூடிவிட்டார்கள். மறுநாள் கூத்தாநல்லூரில் உதிரி பாகக் கடை வைத்திருக்கும் பாய் போன் செய்தார். என் பழைய சிநேகிதர், என்னைக் கிண்டல் செய்ய ஊரில் உரிமை உள்ள ஒரே ஆள்.

"மச்சான், நீங்க நெல்லு மேல மல்லாந்து படுத்துக் காவல் காக்கிறீங்களாமே. மூஞ்சில மழ விழுந்தும் கண்ணாடியக் கழட்டலயாம்ல?"

சிரித்து வைத்தேன். கூடவே என் மகள் படிப்பைப் பற்றியும் கேட்டார். பிளெக்ஸில் பார்த்தீர்களே, அதேதான் என்றேன்.

அவளோ அதற்குள் இ-சேவை மையத்துக்குத் தானே போய் விண்ணப்பித்துவிட்டிருந்தாள். அரசு ஐ.டி.ஐ.யில், டீசல் மெக்கானிக் பிரிவில், இரண்டே வாரத்தில் இடமும் கிடைத்துவிட்டது. செல்பேசியில் ஆணையைக் காட்டினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஒரிஜினல் டி.சி.யோடு போய்ச் சேர வேண்டும், தவறினால் அடுத்த ஆளுக்கு இடம் போய்விடும். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. டி.சி. கல்லூரியில் அல்லவா இருக்கிறது?

"அங்க குடுத்தது குடுத்ததுதாம்மா. திருப்பித் தர மாட்டாங்க" என்று வருத்தமாகச் சொன்னேன். வருத்தம் நன்றாகவே வந்தது.

அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. கல்லூரிக்குத் தானே போன் செய்து கேட்டிருக்கிறாள். கொடுத்த தகப்பனார் நேரில் வந்தால்தான் தருவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் வந்து நின்றாள்.

"அத மட்டும் வாங்கிக் குடுங்கப்பா. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

திங்கள் போனது, செவ்வாய் போனது. எனக்கு அறுப்பு வேலை. புதன்கிழமை நல்ல நேரம் சரியில்லை. வியாழக்கிழமை வண்டிக்கு ஏதோ சத்தம் வந்தது. வாசல் நிறைய வண்டி வைத்திருப்பவனுக்கு ஊர் போக வண்டி இல்லை. பெண்ணின் எதிர்காலத்துக்காகத்தான் இப்படிச் செய்கிறேன் என்று என் மனசுக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனசு நம்பவில்லை. எனக்குப் பயமெல்லாம் டீக்கடையை நினைத்துத்தான். பொறியாளர் பொறியாளர் என்று எத்தனை பேரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்! ஐ.டி.ஐ.க்காக மேடையில் முழங்கிய வாய்க்கு, அந்த மூன்றெழுத்தைத் தன் வீட்டு விஷயமாகச் சொல்ல வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை என் மனைவி பீரோவிலிருந்து நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். கையில் பை.

"எங்க கெளம்பிட்ட?"

"தஞ்சாவூருக்கு. அம்மா வந்தாலும் குடுப்பாங்களான்னு கேட்டுப் பாக்கிறேன். குடுக்கலன்னா வாசல்ல உக்காந்துக்கிறேன்."

"ஏன், ஒரு இன்ஜினியர் நம்ம வீட்டுல இருந்தா ஒனக்குக் கசக்குதா?"

"ஒங்களுக்கு இன்ஜினியர் வேணும்னா நீங்க போய்ப் படிங்க. எட்டாங் கிளாஸ்லேர்ந்து ஆரம்பிக்கணும். மத்தியானச் சாப்பாடு அங்கயே போடுவாங்க."

மெஷின்காரர் மனைவி பஸ்ஸில் போய்க் கல்லூரி வாசலில் உட்கார்ந்தால் என் மானம் என்ன ஆவது? கார்ச் சாவியை எடுத்தேன். மகள்மேல் உள்ள பாசத்தில் போனேன் என்று எழுதத்தான் ஆசை.

கல்லூரி அலுவலகத்தில் குளிர்சாதனம் ஜில்லென்று ஓடியது. சேர்க்கைக்கு வந்த பெற்றோர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதல் நாற்காலியிலேயே எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரர், குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர், மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் வயலில் என் மெஷின்தான் அறுக்கும். எழுந்து நின்று கும்பிட்டார். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்திருக்கலாம் என்று இருந்தது.

டி.சி. வேண்டும் என்றேன் அலுவலரிடம். ஏன் என்றார். இதைவிடப் பெரிய கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்றேன். ரொம்ப சந்தோஷம் சார், அந்த ஆர்டரைக் காட்டுங்கள், உடனே தந்துவிடுகிறோம் என்றார். அதை வீட்டில் வைத்துவிட்டேன் என்றேன். எந்தக் கல்லூரி என்றார். அந்தப் பெயரும் வீட்டில்தான் இருந்தது போல. சட்டென்று, வெளிநாட்டில் படிக்க அனுப்பலாம் என்று இருக்கிறோம் என்றேன். அப்படியானால் பாஸ்போர்ட் நகல் போதும் என்றார். நான் சொன்ன ஒவ்வொரு பொய்க்கும் அவர் ஒரு காகிதம் கேட்டார். என்னிடம் காகிதம் இருந்தது உண்மைக்கு மட்டும்தான்.

என் மகள் பக்கத்தில் நின்றிருந்தாள். சுவரில் மணி நண்பகலைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வைகூட இல்லை. இந்த ஆளால் முடியுமா முடியாதா என்று எடை போடுகிற பார்வை. மெஷின் வாங்கப் போகும்போது நான் பார்ப்பது போலவே இருந்தது.

"ஐ.டி.ஐ.ல சேக்குறேன்" என்றேன்.

அலுவலர் சிரித்தார். விளையாடாதீர்கள் சார், வேறு கல்லூரிக்காரர்கள் யாராவது பேசினார்களா, பரவாயில்லை, நாமும் பேசிக்கொள்ளலாம் என்றார். இத்தனை பொய்யை நம்பியவர், ஒரே ஒரு உண்மையை நம்ப மறுத்துவிட்டார். என் மகள் செல்பேசியை மேசைமேல் வைத்தாள். அவர் படித்தார். முகம் மாறியது. குரலைத் தாழ்த்திக்கொண்டு எனக்குப் புத்தி சொல்லத் தொடங்கினார். உங்கள் அந்தஸ்து என்ன, ஊரில் என்ன பேசுவார்கள், பெண் பிள்ளை சார், நாளைக்கு ஒரு சம்பந்தம் என்று வந்தால் என்ன சொல்வீர்கள், கையெல்லாம் அழுக்காகிற வேலை.

எல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்ததுதான். வார்த்தைகூட மாறவில்லை. ஆனால் என் பெண்ணை நான் சொல்லலாம், நீ யார் சொல்ல? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நல்ல குணத்தால் நான் செய்யாத எத்தனையோ காரியங்களைக் கோபம்தான் செய்து கொடுத்திருக்கிறது.

"அழுக்குன்னா என்னாங்க? இங்க உக்காந்திருக்கிற எல்லாரு கையையும் வாங்கிப் பாருங்க. அந்தக் கை அழுக்காகித்தான் இந்த ஏசி ஓடுது" என்றேன்.

வழக்கம்போல் குரல் பெரிதாகிவிட்டது. பெற்றோர்கள் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். குத்தகைக்காரர் எழுந்து என் பக்கத்தில் வந்தார். கூடத்துக்கே கேட்கிற மாதிரி ரகசியம் பேசினார்.

"அண்ணே, அந்த ஐ.டி.ஐ.ல இன்னும் எடம் இருக்குதா? நீங்களே ஒங்க பொண்ணச் சேக்கிறீங்கன்னா விஷயம் இருக்கும்ல?"

பின்வரிசையிலிருந்து இன்னொருவர், பையன்களுக்கும் உண்டா, விடுதி இருக்கா என்று கேட்டார். மூன்றாமவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். அலுவலரின் கண்கள் விரிந்தன. அடுத்த நிமிடம் அலமாரி திறந்தது, பிளாஸ்டிக் உறை என் கைக்கு வந்தது, வாசல்வரை ஒருவர் கூட வந்து கதவைத் திறந்தும் விட்டார். கட்டிய முன்பணத்தைப் பற்றி நானும் பேசவில்லை, அவர்களும் பேசவில்லை. என்னை மறுபடி அந்தக் கூடத்துக்குள் விடுவதைவிட அவர்களுக்கு டி.சி.யைக் கொடுத்துவிடுவது லாபம்.

வண்டியை விரட்டினேன். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. அந்தக் கேட்டைத் தெரிந்தவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை. அங்கே இன்ஜினைக் கழற்றுவார்கள், மாட்டுவார்கள், முன்னே விடுவார்கள், பின்னே விடுவார்கள். லாரி, பஸ், நெல் ஏற்றிய டிராக்டர் எல்லாம் நிற்க, கடலைக்காரர் ஒவ்வொரு ஜன்னலாக வந்தார். என் மகள் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சரக்கு வண்டி நகர்வதாக இல்லை. பேச வேறு ஆளும் இல்லை. அப்போதுதான் முதன்முதலாக அவளிடம் கேட்டேன், ஏம்மா டீசல் மெக்கானிக் என்று. அதுவரை நான் அதைக் கேட்கவே இல்லை என்பது கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"அன்னைக்கு அவரு தார்ப்பாயக் கட்டி மூடிக்கிட்டாருல்லப்பா. அவரு சொல்லித்தர மாட்டாரு. நீங்களும் கேக்க மாட்டீங்க. ஐ.டி.ஐ.ல தொறந்து வச்சே சொல்லித்தருவாங்க. பாக்கணும்னு ஆசையா இருக்கு."

நீங்களும் கேட்க மாட்டீர்கள் என்று அவள் சொன்னதற்குப் பதில் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். கேட்டும் திறந்தது. ஹாரன் சத்தத்தில் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

ஐ.டி.ஐ.க்குள் நாங்கள் நுழையும்போது வெயில் சாய்ந்துவிட்டது. அலுவலக ஊழியர் மேசையை ஒதுங்க வைத்துக்கொண்டிருந்தார். டி.சி.யை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் மகளைப் பார்த்தார், என் வெள்ளை வேட்டியையும் மோதிரத்தையும் பார்த்தார். நல்ல மனிதர். நல்லதுதான் சொன்னார். டீசல் மெக்கானிக் பட்டறை தகரக் கொட்டகை, வெயிலில் கொதிக்கும், கிரீஸும் கரியும் போகாது. கம்ப்யூட்டர் பிரிவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, குளிர்சாதன அறை, பெண் பிள்ளைகள் நிறைய. இப்போதே மாற்றிக்கொள்ளலாம், என்ன சொல்கிறீர்கள் என்று என்னைத்தான் கேட்டார்.

உண்மையைச் சொல்கிறேன், என் மனம் துள்ளியது. கம்ப்யூட்டர்! டீக்கடையில் சொல்ல எவ்வளவு அழகான வார்த்தை. என்ன படிப்பு என்று யாரும் துருவ மாட்டார்கள். என் மகளைப் பார்த்தேன். காலையிலிருந்து இவ்வளவு அலைந்த பிறகு, இடம் என்று ஒன்று கிடைத்தால் போதும் என்று அப்பா தலையாட்டிவிடுவாரோ என்ற பயம் அவள் விரல்களில் தெரிந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"டீசல் மெக்கானிக்கே எழுதுங்க சார்" என்றேன். எழுதுகிறவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்ததால், கேட்கவில்லையோ என்று இன்னும் பலமாக, வராந்தாவில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் விளக்குமாற்றோடு எட்டிப் பார்க்கும்படி, "டீசல் மெக்கானிக். எம்பொண்ணுதான். நன்னிலம் பக்கம்" என்றேன்.

என் மகள் என் முழங்கையைத் தொட்டாள்.

"அப்பா, அவரு பக்கத்துலதான் உக்காந்திருக்காரு."